கழுவிய முகம்

ஒரு ஆளின் முகத்தைப் பாதி மழித்துக்கொண்டிருக்கும்போது வந்து வழி கேட்கிறவர்களை எனக்கு ஆகவே ஆகாது. அன்றைக்கு வந்தவன் கதவை விரியத் திறந்து, வெளியே இருந்த குளிரையெல்லாம் உள்ளே விட்டு, "லாம்பக்கா வீடு எது?" என்றான். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. ஷூவில் மட்டும் எங்கள் தெருச் சேறு. நாற்காலியில் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த லாரி டிரைவர், தொண்டையில் கத்தி இருப்பதை மறந்து திரும்பினார். நல்லவேளை, நான் கையை எடுத்துவிட்டேன்.

"இதே கட்டிடம்தான். மாடி. மூணாவது படி உடைஞ்சிருக்கும், பார்த்துப் போங்க. யாரு நீங்க?"

"கலைப்பொருள் மீட்புத் துறைல இருந்து வரேன். ஒரு படம் விஷயமா..."

டிரைவர் பாதி முகத்தில் நுரையோடு எழுந்தே விட்டார். "படமா? நம்ம படமா?"

எங்கள் ஊரில் படம் என்றால் ஒன்றுதான். நான் இங்கே சலூன் போட வந்தபோது விபத்து நடந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தீப் பிடித்துக்கொண்டது. தீ பரவிவிடும் என்று கம்பெனிக்காரர்கள் சுரங்கத்தின் வாயை சிமெண்ட் போட்டு அடைத்துவிட்டார்கள், உள்ளே போன ஷிஃப்ட் ஆட்களோடு சேர்த்து. உடம்பு என்று ஒன்றும் வெளியே வரவில்லை. அழுகிறவர்கள் எதைப் பார்த்து அழுவது என்று தெரியாமல் சிமெண்ட்டைப் பார்த்து அழுதார்கள்.

அப்போது கம்பெனியில் ஒரு பெயிண்டர் இருந்தார். கரி வண்டிகளுக்கு நம்பர் போடுவதுதான் அவர் வேலை. நம்பரைத் தவிர அவர் வேறு எதையும் வரைந்து ஒருத்தரும் பார்த்ததில்லை. அந்த மனுஷன், சுரங்கத்துக்குள் காற்றைத் திருப்பிவிடத் தொங்கவிடுவார்களே ஒரு தடித்த துணி, அதில் ஒரு நீளத் துண்டை எடுத்து சுரங்க விளக்குகள் வைக்கிற லாம்பு ரூம் சுவரில் அடித்து, போன ஆட்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து வரைந்துவிட்டார். வரைய வரைய வீட்டுக்காரர்கள் பின்னால் நின்று உயிரை எடுத்தார்களாம். 'இவருக்கு மூக்கு இவ்வளவு பெரிசில்ல', 'எங்க அண்ணனுக்குக் காது இன்னும் கொஞ்சம் விடைச்சிருக்கும்'. எல்லாப் பெண்களும் சேர்ந்து ஒன்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். முகத்தில் கரி வேண்டாம், கழுவிய முகமாகப் போடுங்கள் என்று. வீட்டுக்கு வந்து குளித்த பிறகுதானே அவர்களுக்கு அந்த முகம் சொந்தம். சரி என்றிருக்கிறார் பெயிண்டர். ஆனால் கையை மட்டும் கழுவ முடியாது என்று சொல்லிவிட்டார். "கை எத்தனை சோப்புப் போட்டாலும் கறுப்பாத்தான் இருந்துச்சு. பொய் வரைய மாட்டேன்." இதெல்லாம் நான் வருவதற்கு முன்னால் நடந்தது. எனக்குச் சொன்னது லாம்பக்காதான்.

லாம்பக்காவுக்கு அந்தப் பெயர் வரக் காரணம், விபத்துக்குப் பிறகு கம்பெனி அவளுக்கு லாம்பு ரூமில் வேலை கொடுத்ததுதான். தலைவிளக்குகளைச் சார்ஜ் போட்டு, கண்ணாடி துடைத்து, ஜன்னல் வழியாக ஒவ்வொரு ஆளுக்கும் எடுத்துக் கொடுக்கும் வேலை. புருஷன் போனபோது அவள் வயிற்றில் பிள்ளை. கல்யாணத்துக்கு எடுத்த ஒரே போட்டோவை அந்த மனுஷன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிவானாம். அதுவும் அவனோடு உள்ளே போய்விட்டது. அதனால் பிறந்த பெண்ணுக்கு அப்பா என்றால் அந்தச் சுவர்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையோடு நேரே லாம்பு ரூமுக்கு ஓடும். "அப்பா, இன்னைக்குக் கணக்கு டீச்சர் அடிச்சுட்டாங்க" என்று சுவரிடம் கோள் சொல்லும். நானே கேட்டிருக்கிறேன். வாரத்துக்கு ஒரு நாள் அங்கேயே நாற்காலி போட்டு நான் முடி வெட்டுவது வழக்கம். படம் எனக்கு முதுகுப் பக்கம் இருக்கும்.

லாம்பக்காவின் புருஷனை ஊரில் நெட்டை என்பார்கள். அவனுக்கு உயிர்ச் சிநேகிதன் குட்டை. நெட்டை எப்போதும் குட்டையின் தோளில் கையைப் போட்டுக்கொண்டுதான் நடப்பானாம், கைக்கு வாகாக இருக்கிறது என்று சொல்லி. படத்திலும் அப்படியே போட வேண்டும் என்று லாம்பக்கா ஒற்றைக் காலில் நின்று சாதித்தாள். பெயிண்டரும் போட்டார். கழுவிய இரண்டு முகம், குட்டையின் வெள்ளைச் சட்டைத் தோளில் நெட்டையின் கறுத்த கை.

அந்தப் படம்தான் திருடுபோயிற்று. திருட்டு என்றால் சுவர் ஏறிக் குதித்து வந்த திருட்டு இல்லை. பட்டப்பகலில் லாரி வந்தது. காக்கி உடுப்புப் போட்ட ஆட்கள் இறங்கி, படம் பூஞ்சை பிடிக்கிறது, சுத்தம் செய்து கண்ணாடி போட்டுக் கொண்டு வருகிறோம் என்றார்கள். நம்மை மதித்து ஒருத்தன் வந்திருக்கிறானே என்று ஊருக்குத் தலைகால் புரியவில்லை. ஆணியைப் பிடுங்கிக் கொடுத்தது நாங்கள், சுருட்டிக் கொடுத்தது நாங்கள், தேநீர் வாங்கிக் கொடுத்தது நான். லாம்பக்கா தன் வீட்டுக் கம்பளியைக் கொண்டுவந்து அதற்குப் போர்த்திவிட்டாள். லாரி தெருமுனை திரும்பும்வரை பிள்ளைகள் கையாட்டின. இந்தக் கூத்தை எந்த ஊரிலாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

சுவரில் ஆணி ஓட்டைகள் மட்டும் மிஞ்சின. கொஞ்ச நாள் அந்த ஓட்டைகளுக்கு முன்னாலும் ஆட்கள் நின்றார்கள். பிறகு கம்பெனி அங்கே வருகை பதிகிற மிஷினை மாட்டியது. யார் யாருக்குப் பக்கத்தில் நின்றார்கள் என்பதில் முதல் சண்டை என் கடையில்தான் நடந்தது. "எங்க அப்பா ரெண்டாவது வரிசை" என்றான் ஒருவன். "போடா, அது எங்க மாமா" என்றான் இன்னொருவன். நாளாக ஆகச் சண்டைகூட வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இப்போது படத்துக்காரத் தம்பி மாடி ஏற, கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நானும் பின்னால் ஏறினேன். லாம்பக்கா உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். அவள் பெண்ணை ஊரே பாப்பா என்றுதான் கூப்பிடும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிற ஆளான பெண்தான், என்றாலும் பாப்பா. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெந்நீரில் கையை ஊறவைத்துக்கொண்டிருந்தாள். சலவைக் காரத்தில் விரலெல்லாம் வெடித்துப் போயிருக்கும்.

அந்தத் தம்பி செல்போனை நீட்டினான். "இவரைத் தெரியுதாம்மா?"

லாம்பக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "குட்டை அண்ணன்" என்றாள். "ஐயோ, நம்ம குட்டை அண்ணன். தம்பி, நீ பாரேன்."

பார்த்தேன். குட்டைதான். சிரிக்கலாமா வேண்டாமா என்று நிற்கிற அந்த முகம். நெஞ்சோடு நறுக்கிச் சட்டம் போட்டிருந்தார்கள்.

"இது மட்டுந்தானா? மத்தவங்க எங்க?"

"அறுத்துட்டாங்கம்மா. மொத்தமா இருந்தா அடையாளம் தெரிஞ்சுடும்னு தனித்தனி முகமா அறுத்து வித்திருக்காங்க. இது வெளிநாட்டுல ஒரு பணக்காரர் வீட்டு மாடிப்படியில மாட்டியிருந்தது. கேஸ் போட்டு இங்க தலைநகரத்துக்குக் கொண்டு வந்திருக்கோம், தீர்ப்பு வர வரைக்கும். ஆனா அவங்க வக்கீல் விடமாட்டேங்கிறாரு. இது சுரங்கத் தொழிலாளியே இல்ல, மாப்பிள்ளை படம்கிறாரு. முகத்துல ஒரு பொட்டுக் கரி இல்லையாம். அவங்க படப் பட்டியல் புத்தகத்துலயே 'மணமகன்'னுதான் பேர் போட்டிருக்கு."

லாம்பக்கா படத்தைப் பெரிதாக்கி, தோள் பக்கம் விரலை வைத்தாள். "இங்க ஒரு கை இருக்கணும்."

"எங்கம்மா?"

"இங்கதான். என் வீட்டுக்காரர் கை. கறுப்பா, நாலு விரலு முன்னால தெரியும்."

"வெறும் சட்டைதானே தெரியுது."

"பூசிட்டான்! மேல வெள்ளையப் பூசிட்டான் பாவி!"

அந்தத் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். பூசியதற்கு அடியில் அப்படி ஒரு கை இருந்தால் கேஸே மாறிவிடும் என்றான். பக்கத்தில் இன்னொரு ஆள் இருந்தது நிரூபணமாகும், அறுத்தது நிரூபணமாகும், கறுத்த கையால் தொழில் நிரூபணமாகும். பிறகு அந்தப் பக்கத்துத் துண்டை எங்கே இருந்தாலும் தேடச் சொல்லிக் கோர்ட்டே உத்தரவு போடும். பழைய போட்டோ ஏதாவது உண்டா என்று கேட்டான். ஒன்று உண்டு. பழைய மேனேஜர் கேடயம் வாங்கியபோது படத்துக்கு முன்னால் நிற்கவைத்து எடுத்தது. அந்தத் தடியன் எங்கள் நெட்டைக்கும் குட்டைக்கும் நேர் முன்னால் நின்று தொலைத்திருந்தான்.

அந்தத் தம்பி போன பிறகு லாம்பக்கா பாப்பாவின் மோவாயைப் பிடித்துத் திருப்பினாள். "தம்பி, உனக்கு முகம் பார்க்கிறதுதானே தொழில். இந்தத் தாடை அவரோடதா, என்னோடதா?"

"அம்மா, விடும்மா."

"இரு. கண்ணு என்னுது. அது தெரியும். நெத்தி?"

"எத்தனை நாளா இதே வேலை!" பாப்பா கையை உதறிக்கொண்டு எழுந்தாள். தண்ணீர் தரையெல்லாம் சிந்தியது. "மாமா, நீங்களே கேளுங்க. சாப்பிடும்போது பார்க்குது, தலை சீவும்போது பார்க்குது. என்னைப் பார்க்கல, எனக்குள்ள வேற யாரையோ தேடுது. நான் என்ன சல்லடையா?"

"மறந்து போகுதுடி," என்றாள் லாம்பக்கா. இவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. "முன்னெல்லாம் கண்ண மூடினா வருவாரு. இப்ப கை வருது, நடை வருது, இருமல் வருது. மூஞ்சி இருக்கிற எடம் மட்டும் துடைச்ச மாதிரி இருக்கு. நான் செத்தா ஒனக்குச் சொல்லக்கூட ஆள் இல்ல."

பாப்பா துணி எடுத்துத் தரையைத் துடைத்தாள். நான் கீழே வந்து டிரைவரின் மீதி முகத்தை மழித்தேன்.

குட்டையின் மனைவியை ரொட்டியக்கா என்போம். பக்கத்துத் தெரு பேக்கரியில் மாவு பிசைகிற வேலை. ஆள் குண்டு, குரல் அதைவிடக் குண்டு. சேதி கேட்டதும் மாவுக் கையோடு தெருவில் ஓடிவந்தாள். "எம் புருஷன் வந்துட்டாருடி! மாடிப்படியில நின்னுக்கிட்டு இருந்தாராம், பணக்காரன் வீட்டுல! இங்க இருந்தவரைக்கும் வாடகை வீட்டுலதான் இருந்தாரு, அங்க போய் நல்லாத்தான் இருந்திருக்காரு!" சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. அன்று சாயங்காலம் எங்கள் கட்டிடத்தில் வீட்டுக்கு வீடு சூடான ரொட்டி வந்தது. லாம்பக்கா அதைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "நல்லா இருக்கு" என்றாள். வாய் மென்றது, கண் எங்கேயோ இருந்தது. இரண்டு பேரும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. புருஷன்மார் சிநேகிதத்தை இவர்கள்தான் இத்தனை காலம் இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி வீட்டில் அடுப்பு இரட்டையாக எரியும்.

படத்தை அடையாளம் காட்டத் தலைநகரத்துக்குப் போனோம். அவர்கள் இரண்டு பேர், துணைக்கு நான். பாப்பாவைக் கூப்பிட்டதற்கு, "லீவு இல்ல" என்றாள். லீவு இருந்தது, எனக்குத் தெரியும்.

பஸ்ஸில் ரொட்டியக்கா அவித்த முட்டையை உரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தாள். மழை ஜன்னலில் அறைந்தது.

"ஏண்டி, அவரப் பார்த்ததும் நான் என்ன பேசறது?"

"ஏதாவது பேசு. சும்மாவே வாய் ஓயாது ஒனக்கு."

"கெழவி ஆயிட்டேனேடி. அவரு சின்னப் பையனாட்டம் இருப்பாரு. அம்மா வந்திருக்கான்னு நினைச்சுக்கப் போறாரு."

லாம்பக்கா சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தப் பயணத்தில் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

படம் இருந்த அறை ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. வெள்ளை மேஜை, வெள்ளை வெளிச்சம், ஒரு மருந்து வாடை. படத்தைச் சுத்தம் செய்கிற மேடம் ஒருத்தி கையுறை போட்டு நின்றாள். வாட்டசாட்டமான பெண், பேச்சு மட்டும் பஞ்சு மாதிரி. அந்தத் தம்பியும் வந்திருந்தான். மேஜைமேல் குட்டை படுத்திருந்தான்.

ரொட்டியக்கா கிட்டே போனாள். வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. கடைசியில், "வந்துட்டியா?" என்றாள். அவ்வளவுதான். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மேடம் வெளிச்சத்தை அணைத்துவிட்டு ஒரு ஊதா விளக்கைப் பிடித்தாள். சட்டைத் தோளில் இருண்டு ஒரு திட்டு தெரிந்தது. பார்க்கப் பார்க்க அது நாலாகப் பிரிந்தது.

"விரலு!" லாம்பக்கா என் கையை இறுகப் பிடித்தாள். "தம்பி, விரலு பாரு! இருக்கு. அவரு இருக்காரு."

"இது போதாதா மேடம்?" என்றேன். "போட்டோ புடிச்சுக் கோர்ட்டுல குடுக்கலாமே."

"நிழல்தானே. அழுக்குன்னு சொல்லிடுவாங்க. மேல பூசினத எடுத்துட்டு நேராக் காட்டினாத்தான் பேச முடியும்." மேடம் விளக்கைப் போட்டாள். "எடுக்கலாம். கோர்ட்டும் அனுமதி குடுத்திருக்கு. ஆனா அடியில இருக்கிறது என்ன பெயிண்ட்னு தெரியாம கை வெக்க எனக்குப் பயமா இருக்கு. உங்களுக்கு யாருக்காவது தெரியுமா?"

"நம்பர் பெயிண்ட்தான்," என்றாள் ரொட்டியக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே. "வண்டிக்குப் போடறது. எண்ணெய், ஆசிட் எது போட்டாலும் போகாது."

"ஆமா. அதேதான்," என்றாள் லாம்பக்கா.

மேடம் ஓரமாக ஒரு இடத்தில் தொட்டுப் பார்த்தாள். மேல்பூச்சு போயிற்று, அடியில் இருந்த பெயிண்ட் கல் மாதிரி நின்றது. இருந்தாலும் சொன்னாள், "தோள் பக்கம் ஏதாவது ஆனா அவரோட கழுத்து வரைக்கும் வரலாம். அவர் குடும்பம் நீங்க. நீங்க சரின்னு சொன்னாத்தான் செய்வேன்."

ரொட்டியக்கா குட்டையைப் பார்த்தாள். "வேண்டாமே," என்றாள். "நல்லாத்தானே இருக்காரு. எனக்கு இது போதும்."

லாம்பக்கா கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் பரவாயில்லை. சுவரோரம் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து மடியில் கையைக் கோத்துக்கொண்டாள். ரொட்டியக்காவால் அதைத் தாங்க முடியவில்லை. இங்கேயும் அங்கேயும் பார்த்தாள், முந்தானையை முறுக்கினாள், "சனியனே, இப்படி மூஞ்சிய வெச்சுக்கிட்டு உக்காராதடி" என்றாள். பிறகு மேடத்திடம், "பண்ணுங்கம்மா. மெதுவா. அவருக்குக் கூச்சம் ஜாஸ்தி" என்றாள்.

மேடம் குச்சியில் பஞ்சைச் சுற்றி மருந்தில் தோய்த்துத் தோளில் உருட்டினாள். வெள்ளை வந்தது. பஞ்சை மாற்றினாள். மறுபடி வெள்ளை. மூன்றாவது பஞ்சு சாம்பலாக வந்தது. அடுத்தது கறுப்பு.

மேடம் கையை எடுத்தாள். எடுத்த பிறகும் மருந்து உள்ளே இறங்கிக்கொண்டே இருந்தது. கறுப்பு கலங்கி, மழைத் தண்ணீரில் சேறு ஓடுகிற மாதிரி குட்டையின் சட்டையில் வழிந்தது. அவள் அவசரமாக வேறு ஏதோ ஊற்றி நிறுத்தினாள். நின்றபோது விரல் இருந்த இடத்தில் வெறும் துணி தெரிந்தது. குட்டையின் கழுத்தில் பாதி கொப்புளித்துக்கொண்டு எழும்பியிருந்தது.

"இது பெயிண்ட் இல்ல," என்றாள் மேடம். அவளுக்கு வேர்த்திருந்தது. "பொடி. ஏதோ பொடியக் குழைச்சுப் போட்டிருக்காங்க."

அப்போது ரொட்டியக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "கரி! ஐயோ, கரிடி! கை வரையறப்ப கறுப்புப் பெயிண்ட் தீர்ந்துபோச்சுன்னு பெயிண்டர் சொன்னாரே. கடைசி வண்டியில வந்த கரியத் தாங்க, அவங்க வெட்டினதாவே இருக்கட்டும்னாரே. நான்தானே அரைச்சேன்! எங்கையாலதானே அரைச்சுக் குடுத்தேன்! எப்படி மறந்தேன்? பாவி, எப்படி மறந்தேன்?"

லாம்பக்கா எழுந்து வந்து மேஜை ஓரம் நின்றாள். தட்டில் கிடந்த கறுத்த பஞ்சைப் பார்த்தாள். "அந்தப் பஞ்சையாவது குடுங்கம்மா," என்று கேட்டாள். கோர்ட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டும், கொடுக்க முடியாது என்று மேடம் சொன்னாள். அந்தப் பெண்ணும் அழுதாள். நல்ல பெண்தான். அழுது யாருக்கு என்ன ஆகப் போகிறது?

திரும்பி வரும் பஸ்ஸில் ஒருத்தி முன் சீட்டு, ஒருத்தி பின் சீட்டு. நடுவில் நான். வெகு தூரம் வந்த பிறகு ரொட்டியக்கா முன்னாலிருந்தே, திரும்பாமல் சொன்னாள், "ஒம் புருஷன் கையத் தேடி எம் புருஷனத் தொலைச்சுட்டேன்."

"நீ அரைச்சத நீயே மறந்தா நான் என்ன பண்றது?"

"எனக்கு எதுக்குடி அதெல்லாம் ஞாபகம்? படம் இருந்துச்சே! படம் இருந்தவரைக்கும் எதுக்கு நான் ஞாபகம் வெச்சுக்கணும்?"

டிரைவர் ஏதோ பாட்டுப் போட்டான். நிறுத்தச் சொல்லிக் கத்தினேன், நிறுத்திவிட்டான்.

கேஸ் தோற்றது. பஞ்சில் இருந்தது கரிதான் என்று மேடம் சாட்சி சொல்லியிருக்கிறாள். பழைய படம் எதிலும் அடுப்புக் கரி படியத்தான் செய்யும் என்று அவர்கள் வக்கீல் சொல்லி, தன் கட்சிக்காரர் சொத்தைப் பாழாக்கிவிட்டார்கள் என்று மேலும் ஒரு கேஸ் போட்டானாம். குட்டையைப் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தம்பியே நேரில் வந்து சொன்னான். பாவம், ஷூவைக்கூட வெளியே கழற்றிவிட்டு வந்தான். மற்ற துண்டுகளைத் தேடுவீர்களா என்று கேட்டேன். எதை வைத்துத் தேடுவது அண்ணா என்றான்.

ரொட்டியக்கா எங்கள் தெரு வழியாக வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். சுற்றிக்கொண்டு போகிறாள். லாம்பக்கா ரொட்டியை வேறு கடையில் வாங்குகிறாள். அவர்களைச் சேர்த்துவைக்க நானும் இரண்டு வீட்டுப் படியையும் ஏறி இறங்கினேன். இரண்டு பேரும் தேநீர் கொடுத்தார்கள், பேச்சை மாற்றினார்கள். இரண்டு ஆண்பிள்ளைகளின் சிநேகிதத்தில் ஊரில் மிச்சம் இருந்தது இவர்கள்தான். அதுவும் முடிந்தது.

லாம்பக்கா வேலைக்குப் போகிறாள், வருகிறாள், சமைக்கிறாள். பாப்பாவின் முகத்தை அவள் இப்போது பிடித்துத் திருப்புவதில்லை. பார்ப்பதே இல்லை என்றாள் பாப்பா. சோறு போடும்போதுகூடத் தட்டைப் பார்த்துத்தான் போடுகிறாளாம்.

அதை அவள் சொன்னது, ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு. கொண்டை ஊசிகளை எடுத்து முடியை அவிழ்த்துவிட்டாள். நல்ல முடி, நாற்காலிக்குப் பின்னால் தரையைத் தொடப் பார்த்தது.

"வெட்டுங்க மாமா."

"நுனியா?"

"அப்பா மாதிரி."

"பைத்தியமா ஒனக்கு? பொம்பளப் புள்ள..."

"அம்மா என்னைப் பார்க்கணும் மாமா. முன்னாடி பார்த்தப்ப எரிச்சலா இருந்துச்சு. இப்ப பார்க்காம இருக்கிறது தாங்க முடியல. முடி அப்பா மாதிரி இருந்தா முகமும் கொஞ்சம் வரும்ல? ஒரு தடவை வந்தாப் போதும், அம்மா புடிச்சுக்கும். வெட்டுங்க."

துணியைப் போர்த்தினேன். கத்தரிக்கோலை எடுத்தேன். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நெட்டைக்கு வகிடு இடமா, வலமா? நெற்றியில் முடி விழுமா, மேலே சீவியிருக்குமா? காதை மூடுமா? அத்தனை வருஷம் அந்த லாம்பு ரூமில் நின்று ஊருக்கெல்லாம் முடி வெட்டியவன் நான்.

"ஒனக்கு ஞாபகம் இருக்கா பாப்பா?"

"உயரமா இருப்பாரு. சிரிப்பாரு." யோசித்தாள். "கீழேருந்துதானே படத்தப் பார்ப்பேன் மாமா. எனக்குத் தாடைக்குக் கீழதான் ஞாபகம். ரொட்டிப் பெரியம்மாகிட்டயும் போனேன். கதவத் திறந்தாங்க, கேட்டேன், மூடிட்டாங்க."

குத்துமதிப்பாக வெட்டினேன். இடது வகிடு, காது தெரிய, பின்னால் ஒட்ட. அந்தக் காலத்து ஆட்கள் அப்படித்தான் வைத்திருப்பார்கள் என்று ஒரு கணக்கு. முடி கற்றை கற்றையாக விழுந்தது. பாப்பா கண்ணைத் திறக்கவில்லை. முடித்துவிட்டுப் படியடியில் நின்று, "அக்கா, கொஞ்சம் கீழ வாங்க" என்று குரல் கொடுத்தேன்.

லாம்பக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். தரையில் கிடந்த முடியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. விஷயம் புரிந்துவிட்டது. பாப்பாவுக்கு முன்னால் போய், குனிந்து, எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். பாப்பா முதுகை நிமிர்த்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். லேசாகச் சிரிக்கக்கூடப் பார்த்தாள்.

லாம்பக்கா அவள் வகிட்டைக் கலைத்து அந்தப் பக்கம் மாற்றினாள். பார்த்தாள். மறுபடி இந்தப் பக்கம் கொண்டுவந்தாள். நெற்றியில் கொஞ்சம் இழுத்துவிட்டாள். என் சீப்பை வாங்கி மேலே தூக்கிச் சீவினாள்.

"இல்ல," என்றாள்.

"எப்படிம்மா இருக்கும்? சொல்லு. மாமா சரி பண்ணுவாரு. இன்னும் வெட்டணுமா?"

"இல்லடி."

"அப்ப எப்படி? இப்படி இல்லேன்னா எப்படி?"

"தெரியலடி," என்றாள் லாம்பக்கா. "எனக்குத் தெரியல."

பிறகு பாப்பாவின் கழுத்தில் ஒட்டியிருந்த முடித் துணுக்குகளைக் கையால் தட்டிவிட்டாள்.